செத்தவ எப்படிடா சமைக்கிறா? ஒரு பழைய ஆபரேட்டரின் பதில்

‘நான் சினிமா படித்தவன் இல்லை, சும்மா படம் பார்ப்பவன். பேய்ப் படம், காமெடி, சண்டைப் படம், அழுகைப் படம், விருது வாங்கிய படம் என்று எதையும் விடமாட்டேன். நண்பர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரு படத்தில் தூங்கிவிட்டேன். அவர்கள் கிண்டலடித்த ஒரு படத்தில் அழுதுவிட்டேன். என் ரசனை மட்டம் என்கிறார்கள். ஒவ்வொரு வகைப் படத்தையும் எப்படித்தான் எடைபோடுவது?’ என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எடைபோடுவதைப் பற்றிக் கேட்பது போல இருந்தாலும் அடியில் கிடக்கும் கேள்வி வேறு. படிக்காதவன் ஒரு படத்தைப் பற்றி வாயைத் திறக்கலாமா, கூடாதா? தாராளமாகத் திறக்கலாம். ஆனால் எல்லா வகைக்கும் ஒரே துணிச்சலோடு திறக்க முடியாது. சில வகைகளில் உங்கள் வார்த்தைக்கு அப்பீலே கிடையாது. சில வகைகளில் கொஞ்சம் ஆறப்போட்டுத்தான் பேச வேண்டும். எனக்குத் தெரிந்த வரைக்கும் பிரித்துச் சொல்கிறேன்.

நானும் சினிமா படித்தவன் இல்லை, ஓட்டியவன். 1981-ல் புதுவயல் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ரீல் சுற்றிக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தேன். அப்புறம் லைசென்ஸ் எடுத்து, காரைக்குடியில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக உட்கார்ந்தவன், பிலிம் பெட்டி வருவது நின்று எல்லாம் டிஜிட்டல் ஆன 2012-ல்தான் எழுந்தேன். கேபின் சுவரில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். ஒன்று மெஷின் வெளிச்சம் போவதற்கு, இன்னொன்று ஆபரேட்டர் கண்ணுக்கு. மெஷினுக்கு வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய அவற்றின் இடைவெளியைச் சரிபண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ரீல் முடியப்போகிறது என்று திரையின் வலது மேல் மூலையில் புள்ளி வந்தால் அடுத்த மெஷினுக்குத் தாவ வேண்டும். ஆயிரம் அடி ரீல் 11 நிமிஷம் ஓடும், இரண்டரை மணி நேரப் படம் என்றால் 14 ரீல். இந்த வேலைக்கு நடுவில் எட்டிப் பார்த்ததுதான் என் சினிமா. ஒரு படத்தை நாற்பது ஐம்பது தடவை பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்திருக்கமாட்டேன். உண்மையில் நான் அதிகம் பார்த்தது படம் பார்க்கிறவர்களின் பின்மண்டையைத்தான்.

பின்மண்டையைப் பார்த்து என்ன தெரியும் என்று கேட்காதீர்கள், நிறையத் தெரியும். முக்கியமாக இருமல். கொட்டகையில் அறுநூறு பேர் உட்கார்ந்தால் பத்துப் பேருக்காவது தொண்டை கரகரக்கும். படம் ஆளைப் பிடித்துக்கொண்ட இடத்தில் அந்தப் பத்துப் பேரும் இருமமாட்டார்கள். அடக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. காட்சி தளர்ந்த மறு நிமிஷம் நாலு மூலையிலும் கிளம்பும். அடுத்து நாற்காலி கிறீச்சிடும், அப்புறம் ஒரு தீக்குச்சி வெளிச்சம், அப்புறம் வாசல் திரை விலகி வெயில் உள்ளே விழும். முதல் நாள் மேட்னி முடிவதற்குள் படம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். எதிர்த்த டீக்கடைக்காரர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மறுநாளைக்குப் பால் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பிப்போனதும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். இப்போது இருமலின் இடத்துக்குப் போன் வந்துவிட்டது. எந்த இடத்தில் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தீர்கள் என்பதுதான் ஒரு படத்தைப் பற்றிய உங்கள் முதல் கருத்து. அதை நண்பர்கள் யாரும் திருத்த முடியாது.

வகைக்கு வகை தராசு மாறும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் தப்பு ஒன்றுதான். ஒரு குடும்பப் படம், இரண்டாம் வாரம். வேறு ஊரில் ஓடிவிட்டு வந்த பெட்டி. ரீல் தலைப்பில் எண் எழுதியிருக்கும் துண்டு பிய்ந்துபோயிருந்தது. டப்பாவில் இருந்த எண்ணை நம்பி ஏற்றினேன். ஒன்பதாவது போக வேண்டிய இடத்தில் பதினொன்றாவது போய்விட்டது. மாமியார் இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, அடுத்த ரீலில் அதே மாமியார் அடுப்படியில் நின்று குழம்பு கொதிக்கவிடுகிறார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி எழுந்து, கேபினைப் பார்த்துத் திரும்பி, ‘ஏன்டா, செத்தவ எப்படிடா சமைக்கிறா?’ என்று கேட்டார். கொட்டகையே சிரித்தது, படத்தை நிறுத்தினோம். இதே மாதிரி இன்னொரு தடவை ஒரு சண்டைப் படத்திலும் ரீல் மாறிப்போனது. நாலு ஆட்டம் அப்படியே ஓடியது. ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரே ஒரு பையன் மட்டும் படியேறி வந்து, ‘அண்ணே, வில்லன் கையில இருந்த கட்டு எங்கண்ணே போச்சு?’ என்றான்.

அந்த ஆச்சி சினிமா படித்தவர் இல்லை, அந்தப் பையனும் இல்லை. ஆனாலும் படம் தங்களுக்கு என்ன கொடுப்பதாகச் சொல்லிக் கூப்பிட்டது, கொடுத்ததா என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. குடும்பப் படம், ‘இந்த மனுஷர்களை உன் வீட்டு ஆட்களாக நினை’ என்று கூப்பிடுகிறது. அதனால் அங்கே உயிரும் சாவும் முன்பின்னாகப் போகக் கூடாது. சண்டைப் படம் அப்படிக் கூப்பிடவே இல்லை. அதில் ரீல் மாறியதை யாரும் கவனிக்கவில்லை என்பதற்காக அந்தப் படத்தை மட்டம் என்று சொல்லமாட்டேன். நம் படங்களில் இந்த அழைப்பு ஒன்றோடு நிற்காது, சிரிப்பும் சண்டையும் பாட்டும் அழுகையும் ஒரே டிக்கெட்டில் வரும். அப்போதும் எதற்காக உள்ளே வந்தோம் என்பது நமக்குத் தெரியும். உங்கள் நண்பர்கள் பண்ணுகிற தப்பு, பேய்ப் படத்தைப் பார்த்துவிட்டு ‘கதாபாத்திரத்தில் ஆழம் இல்லை’ என்பது. நீங்கள் பண்ணுகிற தப்பு, அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்வது.

வாயை மூடவே கூடாத வகை காமெடி. சிரிப்பு வந்ததா இல்லையா என்பதில் நீங்கள்தான் நீதிபதி. ஆனாலும் ஒரு எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை நிறைந்த கொட்டகையில் வரும் சிரிப்பில் பாதி, பக்கத்து சீட்டிலிருந்து தொற்றியது. அதே காட்சியை செவ்வாய்க்கிழமை மேட்னியில், முப்பது பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். 1964-ல் வந்த காதலிக்க நேரமில்லை படம் பல தடவை எங்களுக்கு மறுபடி மறுபடி வந்திருக்கிறது. நாகேஷ் பாலையாவுக்குத் தன் படத்தின் கதையைச் சொல்லும் காட்சியில் செவ்வாய்க்கிழமையும் கூட்டம் உருண்டது. ஏன் என்று ஐந்தாறு ஆட்டம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. நாகேஷ் வாயாலேயே சத்தமும் கொடுத்துத் திகில் கதை சொல்கிறார். எல்லோரும் நாகேஷைத்தான் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு கிளம்புவது பாலையாவின் முகத்தில். கேட்கிற ஆள் நிஜமாகவே பயப்படுகிறார், அதனால்தான் சொல்கிற ஆள் சிரிப்பு மூட்டுகிறார். பாலையாவும் சேர்ந்து சிரித்திருந்தால் அந்தக் காட்சி அன்றைக்கே செத்திருக்கும். இப்போது வரும் பல படங்களில் ஜோக் சொன்னவரே முதலில் சிரித்துவிடுகிறார், பின்னணியில் ஒரு ‘டொய்ங்’ சத்தமும் போட்டுவிடுகிறார்கள். நமக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

காமெடியில் இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். ஒருத்தருடைய நிறத்தை, உடம்பை, மனைவியை வைத்து அடிக்கும் ஜோக்குக்குக் கொட்டகை அதிரும். அதிர்வது ஒரு பக்கம்தான். டூரிங் டாக்கீஸில் பெண்கள் பக்கம் தனியாக இருந்ததால் இது நன்றாகத் தெரியும். இந்தப் பக்கம் விசில், அந்தப் பக்கம் வெற்றிலை மடிக்கும் சத்தம். ‘ஊரே சிரித்தது’ என்று நான் முதலாளியிடம் சொன்னதெல்லாம் பாதி ஊர்க் கணக்கு. நீங்கள் சிரித்த படத்தில் உங்கள் வீட்டில் யார் சிரிக்கவில்லை என்றும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். கருத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை, கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பேய்ப் படத்துக்கு வருவோம். இதில் எங்கள் ஊர்க்காரர்கள் சாட்சி சொல்லத் தகுதி இல்லாதவர்கள். சினிமாவில் வரும் ஜமீன் வீடும் பேய் பங்களாவும் பல சமயம் எங்கள் பக்கத்து வீடுகள்தான். பர்மா, மலேயா, இலங்கை என்று போய்ச் சம்பாதித்து, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று தெருவுக்குத் தெரு கட்டிய பெரிய வீடுகள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது, படப்பிடிப்புக்குக் கொடுக்கிறார்கள். திரையில் கதாநாயகி விளக்கை ஏந்தி வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நடந்து வருவார். பின்னணி இசை கிடுகிடுக்கும். எங்கள் பெஞ்சிலிருந்து, ‘டேய், இந்தப் பட்டாலையிலதான் போன மாசம் பந்தி பரிமாறுனோம்’ என்று குரல் வரும். பணியாரம் தின்ற இடத்தில் பேய் எப்படி வரும்? ஆத்தங்குடிக் கல் தரையில் ரத்தம் சொட்டினால், ‘நல்லா எண்ணெய் போட்டுத் துடைச்சா போயிரும்’ என்கிற ஆட்களை வைத்துக்கொண்டு நான் என்ன கணக்கு எடுப்பது? அந்த மாதிரி ஒரு கூட்டத்தையும் மீறி ஒரு படம் பயமுறுத்தியது என்றால், அது பயமுறுத்தத் தெரிந்த படம்.

பயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. துள்ளுவதும் பயப்படுவதும் வேறு வேறு. பின்னாலிருந்து ‘பே’ என்று கத்தினால் யாரும்தான் துள்ளுவார்கள், அதற்கு டைரக்டர் எதற்கு? சத்தத்தைச் சுத்தமாக இறக்கி, இரண்டு மூச்சு விட்டு, ‘படார்’ என்று ஏற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கேபினில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரை நான் பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தால் முக்கால்வாசிப் பேய்ப் படங்கள் வெறும் கதவு திறந்து மூடும் படங்களாகிவிடும். உண்மையான பயம் எனக்குத் தெரிந்தது செகண்ட் ஷோ விட்ட பிறகு. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போகிறவர்கள், அன்றைக்கு மட்டும் நின்று, ‘நீ கோட்டையூர் பக்கம்தானே?’ என்று துணை சேர்ப்பார்கள். ஊருணிக் கரையைத் தாண்டும்போது தேவையில்லாமல் பெல் அடிப்பார்கள். அந்தப் பெல் சத்தம் எனக்கு மேலே வரைக்கும் கேட்கும். கொட்டகைக்குள் எத்தனை தடவை துள்ளினீர்கள் என்று எண்ணாதீர்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது விளக்கைப் போட்டீர்களா? போட்டீர்கள் என்றால் உங்கள் கருத்து முடிந்தது, தைரியமாகச் சொல்லலாம்.

சண்டைப் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடைவேளையில் முறுக்கு வாங்க ஓடும் பொடியன்களைப் பார்ப்பேன். திரையில் பார்த்த சண்டையை அவர்கள் வாசலில் திரும்பப் போட்டுக் காட்டினால் அது நல்ல சண்டை. யார் எங்கே நின்றான், எந்தக் கையால் தடுத்தான், எப்படி விழுந்தான் என்று அவர்களுக்குக் கண்ணில் பதிந்திருக்கிறது. பின்னால் வந்த படங்களில் காட்சியைப் பொடிப்பொடியாக வெட்டி ஒட்ட ஆரம்பித்தார்கள். பொடியன்கள் சத்தம் மட்டும்தான் போட்டார்கள், சண்டை போடவில்லை. போட ஒன்றும் பதியவில்லை.

துப்பறியும் படத்தில் முதல் தடவை பார்க்கும் உங்களுக்கு இல்லாத ஒரு வசதி எனக்கு இருந்தது. கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகும் நாற்பது தடவை பார்க்க வேண்டும். நேர்மையான படம் என்றால் மூன்றாவது தடவைதான் ருசிக்க ஆரம்பிக்கும். முதல் ரீலில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்தது எதற்காக என்று ஐந்தாவது ஆட்டத்தில் புரியும். ஏமாற்றுகிற படம் இரண்டாவது ஆட்டத்திலேயே பல்லிளிக்கும். தனியாக இருக்கும்போதுகூடக் குற்றவாளி ஒன்றும் தெரியாதவன் போல நடித்துக்கொண்டிருப்பான். யாருக்காக? நமக்காகத்தான். 1954-ல் ஏவி.எம் எடுத்து எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் படத்தில் சிவாஜி ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் செத்துவிடுவார், படத்தில் ஒரு பாட்டும் கிடையாது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர், ‘சிவாஜியைப் பார்க்க வந்தவன் உட்காருறதுக்குள்ள சிவாஜி போயிட்டாரு, பாட்டும் இல்லேன்னா சும்மா இருப்பானா?’ என்பார். நான் அதைப் பின்னால் பார்த்தபோது, ஒரே ஆளைப் பற்றி ஒவ்வொருத்தரும் சொல்வதை வைத்து அந்த ஆளைக் கட்டிய விதத்தில் அசந்துவிட்டேன். இந்த வகையில் முதல் தடவைக் கருத்தைப் பாதி விலைக்குத்தான் எடுக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகு இன்னொரு தடவை பார்க்கத் தோன்றுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் அழுத கதைக்கு வருகிறேன். 1994-ல் என் அம்மா போய்ச் சேர்ந்தார்கள். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம் ஓடிக்கொண்டிருந்தது, பேர் சொல்லும்படி இல்லாத ஒரு தாய்ப்பாசப் படம். பன்னிரண்டாவது ரீலில் அந்த அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகன் கையைப் பிடிப்பார். ஐந்து நாள், நாளுக்கு நாலு ஆட்டம், அத்தனை ஆட்டத்திலும் மெஷினுக்குப் பின்னால் நின்று அழுதேன். ஒரு நாள் கண் மறைத்து மூலைப் புள்ளியைத் தவறவிட்டு, திரை வெள்ளையாகி, கீழே இருந்து விசில். ஒரு வருஷம் கழித்து அதே படம் திரும்ப வந்தது. அதே ரீல், அதே கட்டில். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. வசனம் நீளம் என்று தோன்றியது. அப்படியானால் முதலில் வந்த அழுகை பொய்யா? இல்லை. அது படத்துக்கு உரியது இல்லை, அம்மாவுக்கு உரியது. படம் ஒரு சாக்குக் கொடுத்தது, அவ்வளவுதான். அதற்கும் நன்றி சொல்லலாம், தப்பில்லை.

படம்தான் அழவைத்ததா, வாழ்க்கையா என்று பிரிக்க நான் வைத்திருந்த வழி ஒன்று உண்டு. கேபின் ஸ்பீக்கரைச் சுத்தமாக அணைத்துவிட்டு அந்தக் காட்சியைப் பார்ப்பேன். ஷெனாய் இல்லை, வசனம் இல்லை, முகங்கள் மட்டும். அப்போதும் தொண்டையை அடைத்தால் அந்தக் காட்சிக்கு முன்னாடியே படம் ஏதோ ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறது என்று அர்த்தம். மாமியார் இறக்கும் முன் குழம்பு வைத்ததைக் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் ஆச்சிக்கு அன்றைக்குக் கோபம் வந்ததும் அதனால்தான், அந்த மாமியார் அவருக்கு ஆளாகியிருந்தார். நீங்கள் அழுத படத்தைப் போனில் சத்தத்தை அணைத்து ஒரு தடவை பாருங்கள். கலங்கினால் நண்பர்களிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். கலங்கவில்லை என்றால், ‘நான் அழுதேன்’ என்று மட்டும் சொல்லுங்கள், ‘நல்ல படம்’ என்று சேர்க்காதீர்கள்.

விருதுப் படங்கள், மெதுவாக நகரும் படங்கள். இதில்தான் ஆட்களுக்குப் பயம் அதிகம், பிடிக்கவில்லை என்று சொன்னால் முட்டாள் ஆகிவிடுவோமோ என்று. ஒரு சமயம் ஒரு ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தியேட்டரை வாடகைக்கு எடுத்து சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி போட்டார்கள். 1955-ல் வந்த வங்காளப் படம். முப்பது பேர் இருந்திருப்பார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடும் எங்கள் ஆள், வேலை இல்லாததால் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு வங்காளமும் தெரியாது, கீழே ஓடும் இங்கிலீஷும் தெரியாது. நாணல் காட்டுக்குள் அக்காவும் தம்பியும் ரயில் பார்க்க ஓடும்போது எழுந்து நின்றுவிட்டார். படம் முடிந்ததும் வந்திருந்தவர்கள் வாசலில் நின்று ஏதேதோ பேசினார்கள். இவர் என்னிடம் வந்து, ‘அந்தக் கிழவி எங்க ஆயாண்ணே, அப்படியேதான் போச்சு’ என்றார். வீட்டில் வைத்துக்கொள்ள ஆளில்லாமல் கடைசியில் மூங்கில் தோப்பில் விழுந்து சாகும் அந்தப் பாட்டியைச் சொல்கிறார். அந்தக் காலையில் எனக்குக் காதில் விழுந்த கருத்துகளில் இன்றைக்கும் நினைவிருப்பது அது ஒன்றுதான்.

ஆனால் மெதுவான படம் எல்லாம் ஆழமான படம் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். காட்சி நகராமல் நிற்கும்போது என் கண் அதில் புதுசாக எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு முற்றத்தில் மழை விழுகிறது, முதலில் தண்ணீர் தெரிகிறது, அப்புறம் ஓரத்தில் நனையும் கொடித்துணி, அப்புறம் அதை எடுக்க யாரும் வரவில்லை என்பது. அந்த மாதிரி நிற்பதில் கதை ஓடுகிறது. சும்மா ஒரு சுவரைக் காட்டிக்கொண்டு நின்றால், கேமராக்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். இது என் சொந்த அளவுகோல், தவறாகவும் இருக்கலாம்.

இருமல் கணக்கு தப்பிப்போனதைச் சொல்கிறேன் என்றேன். 2003 பொங்கலுக்கு வந்த அன்பே சிவம். கூட்டம் நெளிந்தது, இருமல், வாசல் திரை விலகுதல் எல்லாம் இருந்தது. ‘ஓடாது’ என்று டீக்கடையில் சொன்னேன், ஓடவில்லை. கணக்கு சரி. ஆனால் அதற்குப் பிறகு டிவியில் பார்த்துப் பார்த்து, இன்றைக்கு அந்தப் படத்தைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. ஓடுமா ஓடாதா என்பதற்குத்தான் இருமல் சாட்சி, நல்லதா கெட்டதா என்பதற்கு இல்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆனது. வருஷமும் தராசில் ஒரு படிக்கல் தம்பி. ஏவி.எம் ஸ்டூடியோ முதலில் இருந்தது எங்கள் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில். அங்கே கொட்டகை போட்டு எடுத்த நாம் இருவர் படம் 1947 ஜனவரியில் வந்தது. ‘ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்’ என்று பாரதி பாட்டைத் திரையில் பாடும்போது சுதந்திரம் இன்னும் வரவில்லை, ஏழு மாசம் பாக்கி இருந்தது. அன்றைக்கு அதைக் கேட்டவர்களுக்கு உடம்பு எப்படிச் சிலிர்த்திருக்கும் என்பதை இன்றைக்கு யூடியூபில் பார்த்து நானோ நீங்களோ எடைபோட முடியாது. அந்தப் படத்தில் இருந்த பாதி, திரையில் இல்லை, வாசலுக்கு வெளியே இருந்தது.

காதல் படத்தில் என் பேச்சைக் கேட்காதீர்கள். எனக்கு அந்த வகை பிடிபடவே இல்லை. பாட்டு வந்தால் ஆண்கள் பக்கம் பீடிக்கு எழும், நான் ரீல் சுற்றப் போவேன், திரும்பி வருவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்திருப்பார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முதலாளி சொன்னால் நானே ஒரு டூயட்டைத் தூக்கிவிடுவேன். அடுத்த நாள் ஒரு பெண் கவுன்ட்டரில் வந்து, ‘அந்தப் பாட்டு ஏன் போடலை’ என்று சண்டை போட்டார், அந்தப் பாட்டுக்காகவே மூன்றாவது தடவை வந்தவராம். அப்படி வந்தவரிடம் கேளுங்கள், அவர் சொல்வது சரியாக இருக்கும். அதேபோல வீட்டில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, மூன்று நாளாகப் பார்க்கும் தொடர்களுக்கும் என் தராசு பொருந்தாது. நான் பழகியது, ஒரே இருட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் படத்துக்கு.

செய்துபார்க்க ஒரு காரியம் சொல்கிறேன். படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரி, யாருடைய விமர்சனத்தையும் திறப்பதற்கு முன்னால், மூன்று வரி எழுதி வையுங்கள். எங்கே போனை எடுத்தேன், எங்கே எடுக்க மறந்தேன், எந்தக் காட்சி இப்போதும் கண்ணில் நிற்கிறது. நட்சத்திரம் போடாதீர்கள். ஒரு வாரம் கழித்து நண்பர்கள் பேசும்போது அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் கருத்தில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு பிறகு ஒட்டிக்கொண்டது என்று கைமேல் தெரியும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கொண்டாடப்பட்ட அந்தப் படத்தில் தூங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்களே, அது எந்த ஆட்டம்? வேலை முடிந்து, ராத்திரி பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு செகண்ட் ஷோ போயிருந்தால் அந்தச் சாட்சி செல்லாது. முப்பது வருஷம் நான் செகண்ட் ஷோ ஓட்டியிருக்கிறேன், எந்தப் படத்துக்கும் கடைசி இரண்டு வரிசையில் குறட்டை இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு, வயிறு பாதியாக இருக்கும்போது அதே படத்தைப் பாருங்கள். அப்போதும் தூங்கினால் எழுதுங்கள், நானும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.